தீக்குச்சி பெட்டியில் உரசினால் மட்டும் ஏன் பற்றுகிறது?

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்திலுள்ள ஏழாயிரம்பண்ணையும் அதைச் சூழ்ந்த கரிசல் சிற்றூர்களும் வானம் பார்த்த விவசாயத்துக்கு அடுத்தபடியாகத் தீப்பெட்டியையும் பட்டாசையும் நம்பி வாழ்பவை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பி 1923-இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தயாரிப்பு, பட்டாசாகவும் கிளைத்து, இப்பகுதி முழுவதற்கும் பரவியது. இத்தொழிலில் பழகிய கைகள் அன்றாடம் தொடும் பொருள்களிலேயே அறிவியலின் அடிப்படைக் கேள்விகள் பல அடங்கியிருக்கின்றன. அவற்றுக்கான விடைகள் பாடநூலில் ஒரு மூலையிலும் பாதுகாப்பு விதிகளில் மற்றொரு மூலையிலுமாகப் பிரிந்து கிடப்பதால், இரண்டும் ஒன்றே என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது.

சாதாரணமாகச் சுவரிலோ கல்லிலோ உரசினால் பற்றாத தீக்குச்சி, பெட்டியின் பக்கவாட்டில் உரசியதும் பற்றிக்கொள்வதற்குக் காரணம், பற்றுவதற்கு வேண்டிய பொருள்கள் இரண்டு இடங்களில் பிரித்து வைக்கப்பட்டிருப்பதுதான். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கண்ணாடித்தூளும் வச்சிரப் பசையில் குழைத்து ஏற்றப்பட்டுள்ளன. பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ் பூசப்பட்டுள்ளது. உரசும்போது எழும் வெப்பத்தில் சிவப்பு பாஸ்பரஸின் மிகச் சிறிய பகுதி, எளிதில் தீப்பற்றும் வெண் பாஸ்பரஸாக மாறி எரிய, அந்தச் சூடு தலையிலுள்ள குளோரேட்டைச் சிதைத்து ஆக்சிஜனை வெளிவிடச் செய்கிறது. அந்த ஆக்சிஜனில் கந்தகம் எரிந்து, அதன் தீ குச்சியின் மெழுகுக்கும் மரத்துக்கும் தாவுகிறது. இவ்வாறு பிரித்து வைக்கும் முறைக்கு சுவீடன் நாட்டு வேதியியலாளர் குஸ்தாஃப் எரிக் பாஷ் 1844-இல் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்துக் குச்சிகளின் தலையிலேயே வெண் பாஸ்பரஸ் இருந்ததால் எங்கு உரசினாலும் அவை பற்றின. ஆனால் அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. அந்தக் கொடுமை பல நாடுகளில் நெடுங்காலம் நீடித்தது. இந்தியாவில் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் சட்டம் 1913-இல்தான் வந்தது.

மேற்கண்ட விளக்கத்தில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, ஆக்சிஜன் குச்சியின் தலைக்குள்ளிருந்தே வருகிறது என்னும் செய்தியாகும். விறகோ மண்ணெண்ணெயோ எரிவதற்கு வெளிக்காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவை. ஆகவே ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் அந்தத் தீ அடங்குகிறது. பட்டாசு மருந்திலோ எரியும் பொருளும் அதை எரிக்கும் ஆக்சிஜனும் ஒரே கலவையில் சேர்ந்திருக்கின்றன. கரித்தூள், கந்தகம், வெடியுப்பு ஆகிய மூன்றும் கலந்த கருமருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பாக, அதாவது ஆக்சிஜனை உப்பு வடிவில் கட்டிவைத்திருக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டாக, இருப்பதன் பொருள் இதுதான். அதனால்தான் மண்ணுக்குள் புதைத்த வெடியும் வெடிக்கிறது. திரியின் நெருப்பு காகிதச் சுற்றுக்குள் காற்றே இல்லாத இடத்திலும் அணையாமல் ஊர்ந்து செல்கிறது.

புஸ்வாணம் பூவாய்ச் சொரிவதும் அணுகுண்டு வெடித்துச் சிதறுவதும் ஏன் என்ற கேள்விக்கு, மருந்தின் வகை பாதி விடை. கூட்டின் அமைப்பு மறுபாதி. எரியும் மருந்து சூடான வாயுக்களாக மாறும்போது அதன் கன அளவு பன்மடங்கு பெருகுகிறது. புஸ்வாணத்தின் திறந்த வாய் வழியே அவ்வாயு பொறிகளை வாரிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. நூலால் இறுகச் சுற்றிய வெடியில் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, கூடு கிழியும் கணத்தில் சுற்றியுள்ள காற்றை அடித்துத் தள்ளுகிறது. காதில் விழும் ஓசை அந்த அடியே ஆகும். ஓசை காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்ல, ஒளியோ நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் கடப்பதால், வாணம் விரிந்ததற்கும் ஓசை கேட்டதற்கும் இடையே மூன்று நொடி கழிந்தால் வெடித்த இடம் ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று கணக்கிடலாம்.

வண்ணங்கள் சாயப்பொடியால் வருவன அல்ல. சூடேறிய அணுவிலுள்ள எலக்ட்ரான்கள் உயர்ந்த நிலைக்குத் தாவி மீண்டும் இறங்கும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய நிறத்தில் ஒளியை விடுகின்றன. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பும், பேரியம் பச்சையும், செம்பு நீலமும் தருகின்றன. சோடியம் மஞ்சள் தருவதை, கேஸ் அடுப்புச் சுடரில் சிறிது சமையல் உப்பு விழும்போதே காணலாம். செம்பின் சேர்மம் மிகுந்த சூட்டில் சிதைந்துவிடுவதால் நல்ல நீலம் கொண்டுவருவது மிகக் கடினம். பேரியம் நைட்ரேட் பச்சை நிறம் தருவதோடு ஆக்சிஜனையும் தருவது. கம்பி மத்தாப்பு உட்படப் பல வகைகளில் அது பயன்பட்டதும் அதனால்தான். பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து உச்சநீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று அளித்த தீர்ப்பு இத்தொழிலை அவ்வளவு ஆழமாகப் பாதித்ததற்கு இந்த இரட்டைப் பயனும் ஒரு காரணம்.

ஆக்சிஜனைத் தன்னுள் வைத்திருக்கும் மருந்து ஒருமுறை பற்றிவிட்டால் அதை மூடி அணைக்க முடியாது. ஓடித் தப்பவும் நேரம் இருப்பதில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணைக்கு அருகிலுள்ள அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துச் செய்திகளில் 'உராய்வு' என்ற ஒற்றைச் சொல்லோடு காரணம் முடிந்துவிடுவது வேதனைக்குரியது. ஏனெனில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் தடுக்கக்கூடிய பல நிகழ்வுகள் உள்ளன. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை சிறு உரசலுக்கும் பற்றக்கூடியது என்பதால், தீக்குச்சித் தலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்களித்து, அக்கலவையைக் கொண்ட வெடிபொருள்களை 1992-இல் மத்திய அரசு தடைசெய்தது. தீக்குச்சியில் அது பசையோடு ஈரமாகக் குழைக்கப்பட்டுச் சிறு துளியாகவே ஏறுகிறது. அதே கலவை உலர்ந்த பொடியாகக் குவிந்திருப்பதுதான் ஆபத்து.

காகிதமும் பசையும் மருந்தும் விரைவில் உலர உதவுவதால் இத்தொழிலை இங்கே வளர்த்த வறண்ட காற்றே, உடலில் நிலைமின்னூட்டம் சேரவும் இடம் கொடுக்கிறது. நைலான், பாலியஸ்டர் துணிகள் உரசும்போது சேரும் அந்த மின்னூட்டம், கண்ணுக்குப் புலப்படாத பொறியாகத் தாவினாலும் அலுமினியப் பொடி கலந்த மருந்தைப் பற்றவைத்துவிடும். பருத்தி உடை உடுத்துவதும், மருந்து அறைக்குள் நுழையுமுன் நிலத்தோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொடுவதும் இதற்காகவே. இரும்புக் கருவிகளை விலக்குவது, அவை மோதியோ உரசியோ பொறி எழாமலிருக்க. அறைகளுக்கிடையே விடப்படும் இடைவெளி, ஓர் அறையில் பற்றியது அடுத்த அறைக்குத் தாவாமலிருக்க. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாதென்பது, விபத்து நேர்ந்தால் சிக்குவோர் குறைவாயிருக்க. விதியை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் விடும்போது, கூலி துண்டுக்கணக்கில் ஓடும் நாளில் அந்த விதி முதலில் கைவிடப்படுகிறது. மருந்து அறைச் சுவரில் எச்சரிக்கையோடு அதன் காரணமும் எளிய தமிழில் எழுதப்பட வேண்டும்.

கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக்கூடாது என்பதன் காரணம் இன்னும் குறைவாகவே அறியப்பட்டுள்ளது. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினால் மெதுவாக வேதிவினை தொடங்கி வெப்பம் பிறக்கிறது. குவியலாக இருக்கும் மருந்திலிருந்து அவ்வெப்பம் வெளியேற முடியாமல் உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போய், யாரும் தொடாமலே தீப்பற்றக்கூடும். வீட்டில் திரி எரிந்தும் வெடிக்காமல் கிடக்கும் பட்டாசுக்கும் இதே கவனம் வேண்டும். அதைப் பிரித்துப் பார்ப்பதும் மண் போட்டு மூடுவதும் தவறு. சற்று நேரம் விலகி நின்ற பின், குனியாமல் தொலைவிலிருந்தே நீரூற்றி நனைத்து, வாளி நிறைய நீரில் முழுதும் மூழ்கும்படி போட வேண்டும். மிகுந்த நீர் வெடியுப்பைக் கரைத்து விடுவதோடு, பிறக்கும் வெப்பத்தையும் ஈர்த்துக்கொள்கிறது.