ஸ்ரீரங்கம் எப்படி ‘??????????’ ஆகிறது?

திருச்சி பஸ் ஆப் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். போனில் ‘ஸ்ரீரங்கம்’ எனச் சரியாகத் தெரியும் பெயர், விண்டோஸ் சர்வரில் 10 கேள்விக்குறிகளாகலாம். ஏன்?

கம்ப்யூட்டர் சேமிப்பது பைட்டுகளைத்தான். எந்த எழுத்துக்கு எந்த பைட் என்பதே என்கோடிங். புள்ளி, உயிர்க்குறிகளைத் தனித்தனியே எண்ணினால் ‘ஸ்ரீரங்கம்’ 10 குறியீடுகள்; யுடிஎஃப்-8 முறையில் 30 பைட்.

என்கோடிங்கைக் குறிப்பிடாவிட்டால், ஜாவா ‘டீஃபால்ட்’டை எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் அது எப்போதும் யுடிஎஃப்-8. ஆங்கில விண்டோஸில் பழைய ஜாவாவுக்கோ பொதுவாக விண்டோஸ்-1252. அதில் தமிழே கிடையாது. அதனால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு ‘?’ விழும். அப்படியே சேமித்துவிட்டால், அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து பெயரை மீட்க முடியாது.

2022-ல் வந்த ஜாவா 18 முதல் எல்லா இடத்திலும் யுடிஎஃப்-8தான் டீஃபால்ட். ஆனால் பழைய வெர்ஷன்கள் இன்னும் ஓடுகின்றன. டீஃபால்ட்டை நம்பாதீங்க, கோடிலேயே யுடிஎஃப்-8 என்று எழுதிடுங்க.