டின் தக்காளி: எதை வாங்குவது?

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னை நியாயவிலைக் கடைகளில் கூட்டுறவுத் துறையினர் அதைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கும். வேறு மாதங்களிலோ, பறிகூலிக்கும் கட்டாமல் கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகள் பழத்தைச் சாலையோரம் கொட்டிச் செல்வதுண்டு. மலிந்த காலத்துப் பழத்தை அரிதான காலத்துக்குக் காத்துவைக்கும் வழிகளுள் ஒன்று, அதை டின்னில் அடைப்பதாகும். ஆயினும் டின்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல.

அவை நான்கு வகைப்படும். முதலாவது, தோலுரித்த முழுப் பழம். இது எளிதில் மசியும். காசிமேட்டு மீன் வாங்கிக் குழம்பு வைப்போருக்கு ஏற்றது. இரண்டாவது, நறுக்கிய துண்டு. துண்டுகள் குலையாதிருக்கப் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்ப்பர். சீட்டில் 509 என்னும் எண் இருந்தால் அதுவே. இத்துண்டுகள் எவ்வளவு கொதித்தாலும் முழுதும் கரையா. ஆகவே குழம்புக்கும் ரசத்துக்கும் வேண்டா. மூன்றாவது கூழ், நான்காவது நன்கு வற்றக் காய்ச்சிய விழுது. கெச்சப் இவற்றுள் சேராது. சர்க்கரையும் காடியும் கலந்த அது, தொட்டுக்கொள்ளவே உரியது.

விலையை ஒப்பிடுவது எங்ஙனம்? நம் நாட்டு உணவுச் சட்டப்படி கூழில் கரையும் திடப்பொருள் நூற்றுக்கு 9 பங்கும், விழுதில் 25 பங்கும் குறையாமல் இருத்தல் வேண்டும். புதுப் பழத்தில் அது சுமார் 5 பங்கே. எனவே 200 கிராம் விழுது ஏறக்குறைய ஒரு கிலோ பழத்துக்குச் சமம். 200 கிராம் கூழோ 360 கிராம் பழத்துக்கே ஈடாகும். சந்தையில் ஒரு கிலோ பழம் விற்கும் விலையைவிட 200 கிராம் விழுதின் விலை மிகுந்திருப்பின், புதுப் பழமே ஆதாயம். முழுப் பழ டின்னில் மொத்த எடையைப் பார்த்து ஏமாறாமல், சாறு நீக்கிய எடையைப் பார்க்க வேண்டும்.

விழுதை எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கிய பின்னரே நீர் விடுக. அதன் புளிப்பு செறிவானது. ஆதலால் புளியைக் குறைத்துக்கொள்க.

உப்பிய டின், கசியும் டின், ஓரத்து மடிப்பில் நசுங்கிய டின் ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. திறந்தவுடன் பீறிட்டால் சுவைத்தும் பார்க்காமல் எறிந்துவிடுக. மீதியை டின்னிலேயே விட்டுவைத்தால் புளிப்பு தகரத்தை அரிக்கும். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளில் செலவிடுக.

விளைவிப்போருக்கும் ஒரு சொல். டின்னில் அடைப்பதற்குச் சதைப்பற்று மிக்க, நீர் குறைந்த பழமே வேண்டும். மிஞ்சியதும் அழுகத் தொடங்கியதும் உதவா. விதைக்கும் முன்னரே சங்கத்தில் கூடி, இரகத்தையும் வாங்குவோரையும் முடிவு செய்தல் நலம். கொட்டும் நாளன்று யோசிப்பதால் பயனில்லை.