லாரி மேலே லாரி!

“லாரி வாங்கியிருக்கேன்” என்று நண்பர் போனில் சொன்னபோது, மனுஷர் ஆபீஸுக்கு முழுக்குப் போட்டுவிட்டு டிரான்ஸ்போர்ட் பிசினஸில் குதித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“என்ன மாடல்?”

“1967.”

“ஓடுமா?”

“ஓடாது.”

“எங்கே நிக்குது?”

“லூதியானாவுல.”

நண்பருக்குச் சொந்த ஊர் நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுவதில் நாடே அறிந்த ஊர்க்காரர், லாரி வாங்க பஞ்சாப் வரை போவானேன்?

காரணம், அப்பா. 84 வயது. இளமையில் அவர் ஓட்டியது டாடா-மெர்சிடிஸ் பென்ஸ். பென்ஸ் என்றதும் ஏ.ஸி. காரை நினைத்துவிடாதீர்கள். 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கைகோத்து, டெல்கோ கம்பெனி ஜாம்ஷெட்பூரில் தயாரித்த லாரி. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் மின்னும். 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரம் இறங்கியது, டாடாவின் ‘டி’ ஏறியது.

அந்த நட்சத்திரத்தோடு ஒரு மூக்கு லாரி, காயலான் கடையில் உடைபடக் காத்திருக்கிறது என்று தெரிந்ததும், நண்பர் 1,80,000 ரூபாயை எண்ணி வைத்துவிட்டார். அதன் பிறகுதான் ‘எப்படிக் கொண்டுவருவது?’ என்ற யோசனையே வந்தது. (நம்மில் பலர் கல்யாணம் செய்துகொள்வதும் இந்த வரிசையில்தான்!)

ஓட்டி வரலாமா? எஃப்.ஸி. இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, முக்கியமாக பிரேக் இல்லை. ரயிலில் ஏற்றலாமா? கொங்கண் ரயில்வே 1999 முதல் லாரிகளை அப்படியே வேகனில் ஏற்றிக்கொண்டு போகிறது. ஆனால் அது மேற்குக் கடற்கரையோரம். நம் வழி அல்ல. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: லாரியை இன்னொரு லாரியில் ஏற்றுவது!

புரோக்கர் ஒருத்தர் 2,80,000 கேட்டார். வண்டி விலையை விட வாடகை அதிகம்! அப்பாதான் வழி சொன்னார்: “ரிட்டர்ன் லோடு பாரு கண்ணு. தெக்கேயிருந்து மெஷின் ஏத்திட்டு வடக்கால போற லோ-பெட் டிரெய்லருங்க, திரும்பறப்ப காலியாத்தான் வரும். டீசல் காசு வந்தாப் போதும்னு ஏத்துவாங்க.” கிடைத்தது. 1,65,000!

அடுத்து பேப்பர். பி.காம். படித்ததற்கு முதல் தடவையாக எனக்கு மரியாதை கிடைத்தது அப்போதுதான். சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.ஸி. புத்தகத்தோடு ஒப்பிடச் சொன்னேன். பழைய ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.ஸி. வாங்கச் சொன்னேன், அது இல்லாமல் வேறு மாநிலத்தில் வண்டியைப் பதிய முடியாது. சரக்கு மதிப்பு 50,000-க்கு மேல் போவதால், எதற்கும் இருக்கட்டும் என்று இ-வே பில்லும் போட்டோம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு.

ஏற்றும் நாளன்று நண்பர் வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிட்டார். கிரேன்காரர் பெல்ட்டை பாடியில் மாட்டப் போக, இங்கிருந்து ஒரு சத்தம்: “பாடியில போடாதே! சேஸிஸ்ல போடு!” கிரேன்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்துகொண்டார்!

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. நாலு மூலையிலும் சங்கிலி. எதிர்காற்றில் திறந்துகொள்ளாமலிருக்க பானெட்டுக்குத் தனிக் கயிறு. ஐம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, சங்கிலியை மறுபடி இறுக்க வேண்டும். ஆட்டத்தில் டயரும் ஸ்பிரிங்கும் கொஞ்சம் அமுங்க, சங்கிலி தொளதொளத்துவிடுமாம். இதுவும் அப்பா உபயம்.

இந்தப் பயணத்தின் அழகு என்ன தெரியுமா? லூதியானாவும் நாமக்கல்லும் ஒரே ரோட்டில் இருக்கின்றன. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரும் என்.ஹெச். 44. டெல்லி நெரிசலை மட்டும் சுற்றிக்கொண்டு தாண்டினால் ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம்... சுமார் 2,700 கிலோமீட்டர். தினமும் ராத்திரி அப்பா கேட்பார்: “இன்னிக்கு எங்கே?” ஊர்ப் பேரைச் சொன்னால், அங்கே எந்த தாபாவில் ரொட்டி நன்றாயிருக்கும் என்பார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தாபா!

பதினோராம் நாள் வண்டி வந்து இறங்கியது. கூடவே கெட்ட செய்தியும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த ‘விண்டேஜ்’ பதிவு, 50 வயது தாண்டிய டூவீலருக்கும் சொந்த உபயோகக் கார்களுக்கும்தான். லாரிக்குக் கிடையாது. சாதா லாரியாக எஃப்.ஸி. வாங்க வேண்டுமென்றால் இன்னும் எத்தனை லட்சமோ! வண்டி வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது.

அப்பா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முதல் நாள் தட்டுத் தடுமாறி ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது, “கிளட்ச் இப்பவும் கல்லு மாதிரிதான் தம்பி இருக்குது” என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

இப்போது தினமும் காலையில் டீயும் பேப்பரும் அந்த டிரைவர் சீட்டில்தான்.

நண்பரின் மனைவி மட்டும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: “ஊர்ல இல்லாத சாய்வு நாற்காலி! மூணு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரம். கிரேன் வாடகை தனி!”