மோர்ன் மலைச் சுவர்

வட அயர்லாந்தின் தென்கிழக்கில், கடலை ஒட்டி எழுந்து நிற்கின்றன மோர்ன் மலைகள். அவற்றுள் மிக உயர்ந்த ஸ்லீவ் டொனார்டின் உயரம் 850 மீட்டர். "இவ்வளவுதானா?" என்று எண்ணிவிடாதீர்கள்! நியூகாசில் என்னும் ஊரில், கடல் மட்டத்திலிருந்தே ஏறத் தொடங்க வேண்டும். புனித பேட்ரிக்கின் சீடரான புனித டொனார்ட் இச்சிகரத்தில் தவமிருந்தார் என்பது மரபு.

இம்மலை முகடுகளின் வழியே ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளமுள்ள கருங்கற்சுவர் ஒன்று செல்கிறது. பெல்ஃபாஸ்ட் நகரின் குடிநீர்ப் பள்ளத்தாக்கில் ஆடுமாடுகள் புகாதிருக்க, 1904 முதல் 1922 வரை இதைக் கட்டினார்கள். சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்! சுமார் 15 மலைகளைத் தொடும் இதனை ஒரே நாளில் சுற்றி வருவது நண்பர் குழுக்களின் ஆசை. இரவு பத்து மணி வரை வெளிச்சமுள்ள ஜூன் மாதமே இதற்கு ஏற்றது.

டொனார்டையும் கொமடாவையும் ஏறிப் பெற்ற உயரத்தையெல்லாம் ஹேர்ஸ் கேப் கணவாயில் இழந்துவிட்டு, செங்குத்தான பேர்னாவில் மறுபடியும் ஏற வேண்டும். முழங்கால் நோவது இறக்கத்தில்தான். கடல் மேகம் கவிந்தால் முன்னே செல்லும் தோழிகூடத் தெரியமாட்டாள். அப்போது சுவரே வழிகாட்டி. காற்றுக்கு மறைவும் அதுவே. ஆகவே மெதுவாக நடப்பவரை முன்னே விடுவது நல்லது. அவரால் இயலாவிட்டால் எல்லாரும் சேர்ந்தே கணவாய் வழியாக இறங்கிவிடலாம்.

ஆட்டைத் தடுக்கக் கட்டிய சுவர் மனிதரை அழைத்து வந்துவிட்டது, பாருங்கள்! ஆண்டுதோறும் பெருங்கூட்டமாக நடந்த சுவர் நடைப்பயணத்தை 1984-ஆம் ஆண்டோடு நிறுத்தினார்கள். அத்தனை கால்களும் மிதித்ததில் புல் அழிந்து, மலைமண் மழையில் கரைந்து போயிற்று.