கேப்பர்டன் எதிர் மாசி நிலக்கரி நிறுவனம்

கேப்பர்டன் எதிர் ஏ. டி. மாசி நிலக்கரி நிறுவனம் என்பது ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009 ஜூன் 8 அன்று தீர்ப்பளித்த ஒரு வழக்கு ஆகும். ஒரு நீதிபதியின் தேர்தல் வெற்றிக்காகப் பெரும் பணம் செலவிட்டவரின் வழக்கை அதே நீதிபதி விசாரிக்கலாமா என்பதே இதில் எழுந்த வினா. சூழ்நிலை அளவுமீறிப் போகும்போது அவர் விலகியே ஆகவேண்டும் என்று 5-4 என்ற கணக்கில் நீதிமன்றம் முடிவு செய்தது.

பின்னணி

அமெரிக்காவின் பல மாநிலங்களில் நீதிபதிகள் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். மேற்கு வேர்ஜீனியாவும் அவற்றுள் ஒன்று. அதன் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள், 12 ஆண்டுப் பதவிக்காலத்துடன் உள்ளனர்.

சிறு சுரங்க உரிமையாளரான ஹியூ கேப்பர்டன், தம் நிறுவனத்தின் நிலக்கரி ஒப்பந்தத்தில் மாசி நிறுவனம் முறைகேடாகத் தலையிட்டுத் தம்மை நொடிக்கச் செய்தது என்று வழக்குத் தொடர்ந்தார். 2002 ஆகஸ்டில் ஜூரிகள் அவருக்கு 5 கோடி டாலர் இழப்பீடு வழங்கினர். மாசி மேன்முறையீடு செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த நிலையில், 2004இல் அந்நீதிமன்றத்துக்கான தேர்தல் வந்தது.

மாசியின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப், பதவியிலிருந்த நீதிபதி வாரன் மெக்ராவை எதிர்த்து நின்ற வழக்கறிஞர் பிரென்ட் பெஞ்சமினுக்கு ஆதரவாக ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் செலவிட்டார். வேட்பாளரின் குழுவுக்கு ஒருவர் நேரடியாக வழங்கக்கூடிய உச்சத்தொகை 1,000 டாலர் மட்டுமே. எனவே ஏறத்தாழ 25 இலட்சம் டாலர், குழந்தைகளின் நலனைத் தன் பெயரில் தாங்கிய ஓர் அரசியல் குழுவின் வழியே சென்றது. அதன் விளம்பரங்கள் நிலக்கரியைப் பேசவில்லை. பாலியல் குற்றவாளி ஒருவருக்கு மெக்ரா சலுகை காட்டினார் என்று சாடின. பெஞ்சமின் 53 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்குகள் பெற்று வென்றார்.

விலகல் கோரிக்கைகள்

பெஞ்சமின் விலகவேண்டும் என 2005 அக்டோபரில் கேப்பர்டன் மனுச் செய்தார். அங்கிருந்த நடைமுறைப்படி அம்மனுவைத் தீர்மானிப்பவர் பெஞ்சமினே. அவர் மறுத்தார். 2007 நவம்பரில் 3-2 என்ற கணக்கில் 5 கோடி டாலர் தீர்ப்பு நீக்கப்பட்டது. மாசியின் நடத்தை அத்தகைய தீர்ப்புக்கு உரியதே என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், வழக்கு வேர்ஜீனியா மாநிலத்தில் தொடரப்பட்டிருக்க வேண்டும் என்ற காரணத்தை முன்வைத்தது.

இதற்கிடையே மற்றொரு நீதிபதியான மேனார்டு, பிரெஞ்சுக் கடற்கரையில் பிளாங்கன்ஷிப்புடன் இருந்த ஒளிப்படங்கள் வெளிவந்தன. அவர் மறுவிசாரணையிலிருந்து விலகினார். பிளாங்கன்ஷிப்பை வெளிப்படையாகக் கண்டித்திருந்த நீதிபதி ஸ்டார்ச்சரும் விலகினார். பெஞ்சமின் மட்டும் விலகவில்லை. தற்காலிகத் தலைமை நீதிபதியாக, விலகியோருக்கு மாற்றானவர்களை நியமித்தவரும் அவரே. அவர் நடுநிலையாக இருப்பாரா என்று 67 விழுக்காட்டினருக்கு மேல் ஐயுறுவதாகக் காட்டிய கருத்துக்கணிப்பை நம்பத்தகாதது என ஒதுக்கினார். 2008 ஏப்ரலில் மீண்டும் 3-2.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அந்தோனி கென்னடி, பெஞ்சமின் உண்மையில் ஒருதலைப்பட்சமாக நடந்தார் என்று கூறவில்லை. மாசிக்கு எதிராகவும் தாம் வாக்களித்ததுண்டு என்று பெஞ்சமின் எடுத்துக்காட்டியிருந்தார். ஆனால் தன் மனத்தைத் தானே ஆராயும் நீதிபதியின் முடிவை வேறெவரும் சரிபார்க்க இயலாது. ஆகவே புறநிலையான அளவுகோல் தேவை என்றார் கென்னடி. செலவிட்ட தொகையின் ஒப்பீட்டு அளவு, தேர்தல் முடிவில் அதன் தாக்கம், வழக்கு நிலுவையிலிருந்த காலம் ஆகியவற்றை நோக்கினால், சார்புநிலைக்கான கடுமையான இடர் இருந்தது. இது 14ஆம் சட்டத்திருத்தம் உறுதியளிக்கும் உரிய சட்ட நடைமுறைக்கு முரணானது என்பது தீர்ப்பு. பிளாங்கன்ஷிப் செலவிட்டது, பெஞ்சமினின் சொந்தக் குழு செலவிட்டதைப்போல் மும்மடங்கு.

இதற்கு முன்னோடியான 1927ஆம் ஆண்டின் டூமி எதிர் ஒகையோ வழக்கில் பிரச்சினைக்குரிய தொகை வெறும் 12 டாலர். மதுவிலக்கு வழக்குகளில் நீதிபதியாக அமர்ந்த சிற்றூர் மேயருக்குக் குற்றம் உறுதியானால் மட்டுமே கிடைத்த கட்டணம் அது. அங்கே பணம் நேரே நீதிபதியின் பைக்குச் சென்றது; இங்கே அவ்வாறில்லை என்பதே சிக்கல்.

மாறுபட்ட தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், எவ்வளவு தொகை மிகையானது, நன்றியுணர்வு எத்தனை காலம் நீடிக்கும் என்பன போன்ற 40 வினாக்களை எண்ணிட்டு அடுக்கினார். அவற்றுட் பலவற்றுக்குத் தீர்ப்பில் விடையில்லை என்பது உண்மையே.

பின்விளைவுகள்

இத்தீர்ப்பு உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சொந்த வழக்கத்தை மாற்றவில்லை. அவர்கள் 2023 நவம்பரில் ஏற்ற நடத்தை விதித்தொகுப்பிலும், விலகுவதா என்பதை அந்தந்த நீதிபதியே முடிவு செய்கிறார். மேற்கு வேர்ஜீனியா 2016 முதல் நீதிபதித் தேர்தலைக் கட்சி சார்பற்றதாக்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் பெஞ்சமின் தோற்றார்.

கேப்பர்டனுக்கு அந்த 5 கோடி டாலர் கிடைக்கவில்லை. பெஞ்சமின் பங்கேற்காமலே 2009 நவம்பரில் நடந்த மறுவிசாரணையிலும், வேர்ஜீனியாவில்தான் வழக்குத் தொடரவேண்டும் என 4-1 என்ற கணக்கில் முடிவானது. 2013இல் வேர்ஜீனியா உச்ச நீதிமன்றம் அங்கு வழக்கைத் தொடர அனுமதித்தது.