குரு (தற்கால யோகக் கல்வி)

குரு என்னும் சொல் தற்கால யோக மாணவர்களிடையே மூவரைக் குறிக்க வழங்குகிறது: ஆசனம் கற்பிப்பவர், பயிற்சிமுறையை வகுத்தவர், ஆன்மிக வழிகாட்டி. பழைய மரபில் இம்மூவரும் பெரும்பாலும் ஒருவரே. இன்றைய வகுப்புகளில் இவர்கள் வெவ்வேறு ஆட்களாக இருக்கின்றனர். சொல் மட்டும் ஒன்றாகவே நிற்பதால், ஒருவருக்குரிய கீழ்ப்படிதல் இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சொல்லும் மரபும்

வடமொழியில் 'குரு' என்பதற்குக் கனமானது என்பது அடிப்படைப் பொருள். 'கு' இருள், 'ரு' அதை நீக்குவது என்று மேடைகளில் சொல்லப்படுவது உபநிடதம் ஒன்றில் வரும் விளக்கமே தவிர, சொற்பிறப்பு அன்று. பதஞ்சலியின் யோக சூத்திரம் (1:26) முன்னோர்க்கும் குருவாக ஈசுவரனைச் சொல்கிறது. குரு காட்டிய வழியில் பயில வேண்டும் என்று வற்புறுத்துவது பிற்காலத்து ஹடயோகப் பிரதீபிகை.

தமிழகத்தில் இச்சொல் கோயிலோடு கலந்தது. தந்தைக்கே பிரணவப் பொருள் உரைத்த முருகன் குருநாதன் எனப்படுகிறான். தென்காசி மாவட்டம் பண்பொழியில் திருமலை மேல் நிற்கும் குமாரசாமியும் அடியார்க்கு அவ்வாறே. சிவாலயங்களில் தென்திசை நோக்கி அமர்ந்து மௌனத்தால் போதிக்கும் தட்சிணாமூர்த்தியும் குரு. வியாழன் என்ற கோளும் குரு. இவ்விருவரையும் ஒருவராக எண்ணி, குருப்பெயர்ச்சியின்போது தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துவோர் உண்டு. குருவுக்கு வயது ஒரு பொருட்டன்று என்பதற்குச் சைவ மரபு மெய்கண்டாரைக் காட்டும். அவருடைய குடும்பத்துக்கே குருவாக இருந்த அருணந்தி சிவாசாரியார், இளைஞரான அவருக்கு மாணவரானார்.

சிலம்பமும் வர்மமும் கற்பிப்பவரைத் தென் மாவட்டங்களில் ஆசான் என்பர். உடற்பயிற்சியோடு ஒட்டிய மதிப்புக்குரிய சொல் இது. யோக வகுப்புகள் ஏனோ இதை எடுத்துக்கொள்ளவில்லை. வடக்கிலிருந்து வந்த 'குருஜி'யையே எடுத்துக்கொண்டன.

இரண்டு வழிகள்

உலகெங்கும் பரவிய நவீன யோகத்தின் பெரும்பகுதி இரண்டு ஆசிரியர்களிடமிருந்து கிளைத்தது. ஒருவர் பத்தமடை சுவாமி சிவானந்தர் (1887–1963). பத்தமடை, கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் உள்ளது. மலேயாவில் மருத்துவராகப் பணியாற்றிய இவர் 1924இல் ரிஷிகேசத்தில் விசுவானந்த சரசுவதியிடம் துறவு பெற்றார். தீட்சை தந்த குருவுடன் அவர் நெடுங்காலம் வாழவில்லை. தம் மாணவர்களையும் அருகிலேயே இருக்கச் சொல்லவில்லை. ஆங்கில நூல்கள், கடிதங்கள் வழியே முகம் பாராதவர்களுக்கும் வழிகாட்டினார். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். அவர் மாணவர் விஷ்ணுதேவானந்தர் 1969இல் யோக ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஆசிரியராகலாம் என்ற நிலை வந்தது.

மற்றவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). இமயத்தில் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டுகள் தங்கிப் பயின்றதாக அவர் கூறியுள்ளார். மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திப் பின்னர் சென்னையில் குடியேறினார். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்காரையும் பட்டாபி ஜோயிஸையும் வெளிநாட்டு மாணவர்கள் 'குருஜி' என்றே அழைத்தனர். தந்தையிடம் பயின்ற மகன் டி.கே.வி. தேசிகாச்சார் (1938–2016), பொறியியல் படித்தவர். அவர் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். பயிற்சி மாணவருக்கு ஏற்ப மாற வேண்டும், மாணவர் பயிற்சிக்கு ஏற்ப வளைய வேண்டியதில்லை என்பது அவர் வழி.

குரு வேண்டாம் என்று 1929இல் தம் பெயரால் நடந்த அமைப்பையே கலைத்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, ஐயங்காரிடமும் பிறகு தேசிகாச்சாரிடமும் ஆசனம் பயின்றார் என்பது இங்கே கருதத்தக்கது. குருவை மறுத்தவருக்கும் ஆசனத்துக்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். அதற்காக அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

வேதாத்திரி மகரிஷியின் (1911–2006) மனவளக்கலை மன்றங்களில் வேறோர் ஏற்பாடு காணப்படுகிறது. அங்கே குரு ஒருவரே. அவர் மறைந்த பின்னும் அவர் சார்பில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தீட்சை அளிக்கின்றனர்.

நம்பிக்கையும் அதன் எல்லையும்

ஆசனம் கற்பிப்பவர் மாணவரின் உடலைத் தொட்டுத் திருத்துகிறார். மாணவரோ கண் மூடி, குனிந்து, மூச்சடக்கி நிற்கிறார். கற்பிப்பவர் வெறும் ஆசிரியரானால், வலித்தால் நிறுத்தச் சொல்லலாம், மாட்டேன் எனலாம். அவரே குரு என்று எண்ணிவிட்டால் வலியும் பாடமாகத் தோன்றும்; மறுப்பது தன் குறையாகத் தோன்றும்.

இதன் விளைவு பதிவாகியுள்ளது. சிவானந்தரின் சீடர் சத்தியானந்தரின் மரபில், ஆஸ்திரேலியாவின் மாங்குரோவ் மவுண்டன் ஆசிரமத்தில் 1970, 80களில் குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை அந்நாட்டு அரச ஆணையம் 2014இல் விசாரித்தது. பட்டாபி ஜோயிஸ் தொட்டுத் திருத்துகையில் முறைகேடாக நடந்தார் என அவர் மறைவுக்குப் பின் பெண் மாணவர்கள் பலர் வெளிப்படையாகக் கூறினர். அவர் பேரர் சரத் ஜோயிஸ் 2019இல் அதற்கு வருத்தம் தெரிவித்தார். குருஜி தவறு செய்யமாட்டார் என்ற எண்ணத்தாலேயே நெடுங்காலம் பேசாதிருந்ததாகப் பாதிக்கப்பட்டோர் சிலர் கூறினர்.

இதன்பின் பல வகுப்புகளில் தொடுமுன் ஒப்புதல் கேட்கும் வழக்கம் வந்தது. தொட வேண்டாம் என்பதற்கு அடையாளமாகப் பாயின் தலைமாட்டில் சிறு அட்டை வைக்கும் முறையும் உண்டு. வெளிநாட்டு ஆசிரியர்கள் சிலர் குருஜி என்ற அழைப்பையே கைவிட்டனர். வேறு சிலர், தம் குரு பதஞ்சலியே என்றும், தம் பயிற்சியே என்றும் சொல்லத் தலைப்பட்டனர். இப்போது இந்தியாவில் ஆயுஷ் துறையின் யோகச் சான்றிதழ் வாரியம் அளிக்கும் நிலைகளில் பயிற்றுநர், ஆசிரியர், மாஸ்டர் எனப் பெயர்கள் உள்ளன. குரு என்று ஒரு நிலை இல்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர் வகுப்புகளிலும் கற்பிப்பவரை மாஸ்டர், சார், டீச்சர் என்று அழைப்பதே பெருவழக்கு.