சாலை பந்தயக் களமன்று

நள்ளிரவில் நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனங்கள் சீறிப் பாய்கின்றன. ஒருவர் முன்சக்கரத்தை உயரத் தூக்கியபடி ஓட்டுகிறார். மற்றொருவர் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு வளைகிறார். உடன் வந்தவர் அதனைக் கைப்பேசியில் பதிவு செய்கிறார். இளைஞர் சிலர் வீரம் எனக் கருதும் இச்செயலை இயற்பியலும் சட்டமும் எவ்வாறு நோக்குகின்றன என்பதை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

வேகமும் தொலைவும்

தடையைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை அழுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் அந்த ஒரு நொடியில் 17 மீட்டர் கடந்துவிடும். பிரேக்கை அழுத்திய பின்னும், உலர்ந்த நல்ல சாலையில் ஏறத்தாழ 20 மீட்டர் சென்ற பிறகே நிற்கும். ஆக, மொத்தம் 37 மீட்டர். வேகம் 120 கிலோமீட்டரானால் இத்தொலைவு இருமடங்காகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் அமைவதால், பிரேக்கை அழுத்திய பின் செல்லும் தொலைவு நான்கு மடங்காகிறது. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 114 மீட்டரை எட்டுகிறது.

37 மீட்டருக்கு அப்பால் முதியவர் ஒருவர் சாலையைக் கடப்பதாகக் கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அவரை நெருங்கும் முன் நின்றுவிடுவார். 120 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரோ அப்போதுதான் பிரேக்கை அழுத்தத் தொடங்கியிருப்பார். ஏறத்தாழ முழு வேகத்துடனேயே மோதுவார். எத்தகைய திறமையும் இக்கணக்கை மாற்ற இயலாது.

பிடிப்பை இழக்கும் சக்கரம்

இருசக்கர வாகனத்தின் திசையை மாற்றுவதும் அதன் வேகத்தைப் பெருமளவு தணிப்பதும் முன்சக்கரமே. அது தரையைவிட்டு எழுந்தால் இரண்டும் ஓட்டுநரின் கையைவிட்டுப் போகின்றன. சறுக்கும் சக்கரத்தில் செயற்படும் இயக்க உராய்வு, பெரும ஓய்வுநிலை உராய்வைவிடக் குறைவானது. எனவே, சிறிது மணலோ எண்ணெய்க் கறையோ வாகனத்தைக் கவிழ்க்கப் போதுமானது.

சட்டம் கூறுவது

அரசின் எழுத்துவழி ஒப்புதலின்றிப் பொது இடத்தில் வாகனப் பந்தயத்தில் ஈடுபடுவது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல்முறை 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பதினெட்டு வயது நிறையாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோர் அல்லது வாகன உரிமையாளர் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும். குற்றம் இழைத்தவர் 25 வயது நிறையும்வரை பழகுநர் உரிமம் பெற இயலாது.

வேகத்திற்குரிய இடம்

வேகத்தை விரும்புவது தவறன்று. அதற்கெனத் தமிழகத்திலேயே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயத் தடங்கள் உள்ளன. அங்கு எதிரே வாகனம் வருவதில்லை. குறுக்கே நடப்போரும் இல்லை. பாதுகாப்பு உடையும் மருத்துவ உதவியும் ஆயத்தமாக இருக்கும். களத்தில் இறங்குபவர் இடர் உண்டு என அறிந்தே இறங்குகிறார். பணி முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியும், பள்ளிக்குச் செல்லும் சிறுமியும் அத்தகைய இடருக்கு இசைந்து சாலைக்கு வந்தவர்கள் அல்லர். அவர்கள் நலமாக வீடு சேர்வதற்கு வழிவிடுவதே சாலையில் செல்வோர் அனைவரின் கடமையாகும்.